எய்யா போட்ட சாம்பல் கணக்கு

போன மாதம் காப்பீட்டு வகுப்பில் எங்கள் மேடம் ஒரு கேள்வி கேட்டார். "2010ல் ஐஸ்லாந்தில் ஒரு எரிமலை வெடிச்சுது. சாம்பல் வருதுன்னு ஐரோப்பாவில் பெரும்பாலான விமானங்களை ஆறு நாள் நிறுத்தி வச்சாங்க. நிறுத்தினது சரின்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

அறுபது பேர் இருக்கும் வகுப்பில் நாலே நாலு கை. "தப்புன்னு நினைக்கிறவங்க?" மிச்சம் எல்லாக் கையும் மேலே. அதில் என் கையும் ஒன்று.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்து தீர்ப்பே எழுதிவிட்டான். "மேடம், ஒரு விமானம்கூட விழலையே! சும்மா பயந்துபோய் 170 கோடி டாலரைத் தூக்கிக் குப்பையில போட்டாங்க."

வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். மணி அடித்தது, கேன்டீனுக்குப் போய்விட்டோம். ஆனால் அந்த "ஒரு விமானம்கூட விழலையே" மட்டும் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை. பூட்டிய வீட்டில் திருட்டு நடக்கவில்லை என்றால் பூட்டு தண்டச்செலவா? அப்படித்தான் தேட ஆரம்பித்தேன். மூன்று வாரம் கழித்து, தூக்கிய கையை இறக்கிவிட்டேன். ஏன் இறக்கினேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒன்றை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். வேதியியலுக்கும் எனக்கும் இருந்த உறவு பத்தாம் வகுப்போடு முறிந்துபோனது. எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அறிவியல் பிரிவு நண்பர்கள் திருத்தலாம், அடிக்கக் கூடாது :)

முதலில் அந்த எரிமலையின் பெயர். எய்யாஃப்யாத்லயோகுத்ல். ஒரே மூச்சில் சொல்கிறவர்களுக்கு என் செலவில் ஒரு டீ. பயப்பட ஒன்றுமில்லை, மூன்று சொற்களை ஒட்டி வைத்திருக்கிறார்கள். எய்யா என்றால் தீவு, ஃப்யாத்லா என்றால் மலைகளின், யோகுத்ல் என்றால் பனியாறு. தீவுமலைப் பனியாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லைப் பக்கம் வாஞ்சையோடு "எய்யா" என்று கூப்பிடுவார்களே, நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

இது சாம்பலே இல்லை

நம் வீட்டில் சாம்பல் என்றால் என்ன? விறகோ வரட்டியோ எரிந்து மிஞ்சுவது. பாட்டி பாத்திரம் தேய்ப்பார், நெற்றியில் பூசிக்கொள்வோம். மெத்தென்று இருக்கும், ஊதினால் பறக்கும். எரிமலைச் சாம்பலையும் அப்படி நினைத்துக்கொண்டுதான் நானும் கை தூக்கினேன்.

ஆனால் எரிமலைச் சாம்பலில் எதுவும் எரியவில்லை. அது பொடியாக உடைந்த பாறையும் கண்ணாடியும். உருகிய பாறைக் குழம்பில் நீராவியும் மற்ற வாயுக்களும் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே வரும்போது அழுத்தம் குறைகிறது. குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி வாயு பொங்குகிறது. குழம்பு சிதறி, நொடியில் ஆறிக் கண்ணாடித் துகளாகிறது. ஆக, சாம்பல் என்று நாம் சொல்வது உண்மையில் கண்ணாடிப் பொடி.

எய்யா விஷயத்தில் இன்னும் இரண்டு சங்கதிகள் சேர்ந்துகொண்டன.

ஒன்று, குழம்பின் சரக்கு. 2010 மார்ச் 20ஆம் தேதி மலையின் பக்கவாட்டில்தான் முதலில் வெடித்தது. அது பசால்ட் குழம்பு, சிலிக்கா சுமார் 47 சதவீதம். தோசை மாவு மாதிரி இளக்கம். வாயு சுலபமாக வெளியேறிவிடும். சிவப்பாக ஊற்றெடுத்து வழிந்தது, மக்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள், விமானங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏப்ரல் 12 வாக்கில் அது அடங்கியது. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 14ஆம் தேதி, உச்சியில் பனிக்கு அடியிலிருந்து வெடித்தது. இந்த முறை சிலிக்கா சுமார் 58 சதவீதம். இது களி மாதிரி கெட்டி. வாயு வெளியேற வழியில்லாமல் குழம்பையே கிழித்துக்கொண்டு வரும்.

ஒரே மலையில் இரண்டு சரக்கு எப்படி? ஆழத்திலிருந்து புதிதாக ஏறிய பசால்ட், முன்னால் 1821-23ல் வெடித்தபோது உள்ளே தங்கிவிட்ட சிலிக்கா மிகுந்த பழைய குழம்போடு போய்க் கலந்துவிட்டது என்கிறார்கள் ஆய்வாளர்கள். நம் பாஷையில் சொன்னால், 1823ன் இறுதிச் சரக்கிருப்பு 2010ல் தொடக்கச் சரக்கிருப்பாக வந்து உட்கார்ந்துவிட்டது!

இரண்டாவது, பனி. உச்சியில் சுமார் 200 மீட்டர் தடிமனுக்குப் பனி மூடியிருந்தது. கொதிக்கிற கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? அதேதான். உருகிய பனிநீர் பட்டதும் குழம்பு மிகமிக நுண்ணிய துகள்களாக நொறுங்கியது. துகள் நுண்ணியதாக இருந்தால் கீழே விழ நேரம் பிடிக்கும், காற்றில் வெகுதூரம் போகும். அந்த நேரம் பார்த்துக் காற்றும் ஐஸ்லாந்திலிருந்து ஐரோப்பாவை நோக்கியே வீசிக்கொண்டிருந்தது. மறுநாளே வான்வெளியை மூட ஆரம்பித்துவிட்டார்கள்.

விழாத விமானங்களின் கதை

கண்ணாடிப் பொடி விமான எஞ்சினுக்குள் போனால்? எரிமலைக் கண்ணாடி சுமார் 1,100 டிகிரி செல்சியசில் உருகும். ஜெட் எஞ்சினின் எரியறை 1,400 டிகிரியையும் தாண்டும். உள்ளே போன பொடி உருகி, அடுத்து இருக்கும் டர்பைன் பகுதியில் போய் ஒட்டி இறுகுகிறது. காற்று போகும் வழி அடைபடுகிறது, எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கிறது.

இது கற்பனை இல்லை. 1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் ஜாவா தீவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்தது. நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. கனத்த விமானம் பட்டம் மாதிரி மிதந்து இறங்கியது. சாம்பல் மேகத்தைவிட்டு வெளியே வந்த பிறகே எஞ்சின்கள் திரும்ப உயிர் பெற்றன. முன்கண்ணாடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி மங்கிப்போயிருக்க, எப்படியோ ஜகார்த்தாவில் இறக்கிவிட்டார்கள். 1989 டிசம்பர் 15 அன்று அலாஸ்காவில் ரெடௌட் எரிமலை. இந்த முறை கேஎல்எம் நிறுவனத்தின் 747. அதே நான்கு எஞ்சின், அதே நிறுத்தம். அதுவும் பத்திரமாகத் தரையிறங்கியது, ஆனால் பழுதுபார்க்கும் செலவு சுமார் 8 கோடி டாலர்.

2010லும் "ஒன்றுமே ஆகவில்லை" என்பது முழு உண்மை அல்ல. ஏப்ரல் 15 அன்று, வான்வெளி மூடும் முன் பறந்த ஃபின்லாந்து விமானப்படையின் ஹார்னெட் போர் விமானங்களின் எஞ்சினுக்குள் சாம்பல் உருகி ஒட்டிய தடயம் கிடைத்தது. அதே வாரக் கடைசியில் விமான நிறுவனங்கள் தாங்களாகவே சோதனைப் பறப்பு நடத்தி, பாதிப்பு எதுவும் இல்லை என்று அறிவித்தன. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சாம்பல் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் இல்லை என்பதுதான் இரண்டுக்கும் பொருள்.

2011ல் ஐஸ்லாந்தின் சிகுர்துர் கிஸ்லசன், டென்மார்க்கில் பணியாற்றிய சூசன் ஸ்டிப் ஆகியோரின் குழு, வெடிப்பின் முதல் நாட்களில் சேகரித்த சாம்பலை ஆராய்ந்து முடிவை வெளியிட்டது. துகள்கள் அசாதாரணமான கூர்மை. தண்ணீரில் போட்டு இரண்டு வாரம் போலக் கலக்கியும் முனை மழுங்கவில்லை. விமானங்களைப் பற்றி அதிகாரிகள் பயந்ததற்கு நியாயம் இருந்தது என்பது அவர்கள் முடிவு.

என் கை பாதி இறங்கியது இங்கேதான். மீதிப் பாதி இறங்கியது ஆடுகளால்.

ஆடுகள் கட்டிய கட்டணம்

நாம் விமானத்தை நினைத்துச் சாம்பலைப் பேசுகிறோம். ஐஸ்லாந்துக்காரர்கள் ஆயிரத்துச் சொச்சம் வருடமாகச் சாம்பலோடு குடித்தனம் நடத்துகிறார்கள். அவர்களுடைய பேரேட்டில் முதல் பக்கம் ஆடு மாடுதான்.

1104ல் ஹெக்லா வெடித்தபோது தீவின் பாதிக்கும் மேல் வெள்ளைச் சாம்பல் மூடியது. அருகிலிருந்த தியோர்சார்தாலுர் பள்ளத்தாக்கில் பண்ணைகள் பாழாயின. 1875ல் அஸ்க்யா வெடித்துக் கிழக்குப் பக்கப் பண்ணைகள் சாம்பலில் புதைய, பல குடும்பங்கள் வட அமெரிக்காவுக்கே கப்பலேறிவிட்டன.

எல்லாவற்றையும்விடக் கொடுமை 1783. ஜூன் 8ஆம் தேதி லாகி என்ற இடத்தில் நிலம் நீளவாக்கில் பிளந்தது. சுமார் 27 கிலோமீட்டர் நீளத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வாய்கள். எட்டு மாதம் கழித்து, 1784 பிப்ரவரி 7ல்தான் ஓய்ந்தது. சுமார் 12 கோடி டன் கந்தக டை ஆக்சைடு வெளியேறியது என்பது ஆய்வாளர்கள் கணக்கு. அந்த மூட்டம் ஐரோப்பா வரை போனது. பாரிசில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், இந்த வறண்ட மூடுபனிக்கு ஐஸ்லாந்து எரிமலை காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்.

ஐஸ்லாந்தில் அப்போது இருந்ததே சுமார் 50,000 பேர். ஐந்தில் ஒருவர் செத்துப்போனார்கள். அவர்களைக் கொன்றது நெருப்போ குழம்போ அல்ல, பசிதான். ஏனென்றால் அவர்களுக்கு முன்பே ஆடுகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கும் மாடுகளில் பாதியும் செத்துவிட்டன. பயிர் அதிகம் விளையாத ஊரில் ஆடு போனால் சோறு போனது.

ஆடு ஏன் செத்தது? இங்கேதான் வேதியியல் வருகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எரிமலைப் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற வாயு உண்டு. புகை மேலே போகப்போகக் குளிர்கிறது. சுமார் 600 டிகிரிக்குக் கீழே வந்ததும் ஃப்ளோரின் சாம்பல் துகளின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. துகளின் உள்ளே இல்லை, மேல்தோலில் என்பதுதான் விஷயமே. பூசணிக்காயை முழுதாக வைத்து மஞ்சள் தடவினால் கொஞ்சம் மஞ்சள் போதும். அதையே பொடிப்பொடியாக நறுக்கித் தடவினால்? துகள் சின்னதாக ஆக ஆக, ஒரு கிராமுக்கு ஒட்டும் ஃப்ளோரின் கூடுகிறது. பெரிய துகள் எரிமலை அருகிலேயே விழுந்துவிடும். விஷம் அதிகம் சுமக்கும் பொடித்துகள் தூரத்துப் புல்வெளியில் போய், கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசாகப் படியும். ஆடு புல்லோடு சேர்த்து மேயும்.

வயிற்றுக்குள் போன ஃப்ளோரின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அளவு அதிகமானால் சில நாளில் சாவு. குறைவாக, நீண்ட காலம் போனால் பல் கெட்டு, எலும்பு முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, மேய முடியாமல் சாவு. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமாகிப் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் குறைக்கவும்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதே ஃப்ளோரின்தான். அங்கே வானத்திலிருந்து விழுந்தது, இங்கே பாறையிலிருந்து ஊறுகிறது.

லாகி பகுதியில் யோன் ஸ்தெயின்கிரிம்சன் என்ற பாதிரியார் இருந்தார். நடந்ததையெல்லாம் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர். ஆடு மாடுகளின் பல்லும் எலும்பும் கெட்டது முதல் எல்லாம் அவர் குறிப்பில் இருக்கிறது. அவரைப் பற்றி வணிகவியல்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. நிவாரணப் பணம் முத்திரையிட்ட பெட்டியில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது, அதிகாரியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி. வழியில் பட்டினி கிடந்தவர்களைப் பார்த்துவிட்டு முத்திரையை உடைத்து ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டார். அனுமதியில்லாத செலவு! மேலிடம் கண்டித்தது, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. நாசம் நடந்த பிறகு வரும் பணம் எவ்வளவு தாமதமாக, எவ்வளவு முத்திரைகளோடு வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர்களிடம் ஒரு எண் இருந்தது

1970ல் ஹெக்லா மறுபடி வெடித்தது. சாம்பல் பெரிதாக ஒன்றும் விழவில்லை. ஆனாலும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் ஃப்ளோரின் விஷத்தால் செத்தன. ஒரு மில்லிமீட்டர் சாம்பல் படிந்தாலே போதும், மேய்ச்சல் நிலம் விஷமாகலாம் என்று தெரிந்தது. ஆனால் 1783ஐப் போல இது ஊமை அடி அல்ல. புல்லை எடுத்துப் போய் அளந்தார்கள். காய்ந்த புல்லில் ஃப்ளோரின் 250 பிபிஎம் தாண்டினால் ஆபத்து என்று ஒரு எல்லை தெளிவானது. ஒரு கிலோ காய்ந்த புல்லில் கால் கிராம். அவ்வளவுதான் வித்தியாசம், தீனிக்கும் விஷத்துக்கும்.

அதனால் 2010ல் எய்யா வெடித்தபோது ஐஸ்லாந்தில் என்ன நடந்தது? சாம்பல் விழ விழச் சேகரித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஃப்ளோரின் அளவு வெளியானது. கால்நடைகளைக் கொட்டகைக்குள் அடை, திறந்த நீர்நிலையில் தண்ணீர் காட்டாதே என்று விவசாயிக்குச் சொன்னார்கள். மலையடிவாரத்தில் சுமார் 800 பேரை வெளியேற்றினார்கள். உருகிய பனிநீர் வெள்ளமாக வந்தபோது, பாலத்தைக் காப்பாற்றுவதற்காகச் சாலையை அவர்களே வெட்டிவிட்டு வெள்ளத்துக்கு வழிவிட்டார்கள். பகலை இருட்டாக்கிய சாம்பல் மழையிலும் கால்நடைகள் கூட்டம் கூட்டமாகச் சாகவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முதல் சில நாள் சாம்பல் பனிநீரில் குளித்துக்கொண்டு வந்ததால் அதில் ஃப்ளோரின் குறைவாக இருந்தது. பிறகு தண்ணீர் குறைந்து சாம்பல் வறண்டதும் ஃப்ளோரின் பல மடங்கு ஏறியது. அதாவது எந்தத் தண்ணீர் சாம்பலைப் பொடியாக்கி விமானங்களுக்கு எமனாக்கியதோ, அதே தண்ணீர்தான் ஆடுகளுக்காக அதைக் கொஞ்சம் கழுவியும் கொடுத்தது. தினமும் அளந்தவனுக்குத்தான் இந்த மாற்றம் தெரியும். "சாம்பல் விழுந்தது" என்று மட்டும் எழுதிவைத்தவனுக்குத் தெரியாது.

இவர்களிடம் எண் இல்லை

இப்போது ஐரோப்பிய வான்வெளிக்கு வருவோம். அங்கே இருந்த விதி என்ன? சாம்பல் இருந்தால் பறக்காதே. எவ்வளவு சாம்பல்? விதியில் இல்லை. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மில்லிகிராம் வரை எஞ்சின் தாங்கும்? யாரும் எழுதிவைக்கவில்லை.

1982ல் நான்கு எஞ்சின் நின்றது. 1989லும் நின்றது. அதன் பிறகு உலகத்தை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை மையங்கள் வைத்தார்கள், ஐஸ்லாந்தைப் பார்த்துக்கொள்வது லண்டன் மையம். சாம்பல் எங்கே போகிறது என்று வரைபடம் போட ஆள் வந்தது. எவ்வளவு போனால் ஆபத்து என்று சொல்ல ஆள் வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. ஏன்? கடலுக்கு மேலோ ஆளில்லாத மலைக்கு மேலோ சாம்பல் வந்தால், கொஞ்சம் எரிபொருளை அதிகம் செலவழித்துச் சுற்றிப் போய்விடலாம். எண் இல்லாமலே வண்டி ஓடியது.

ஐரோப்பாவுக்கு மேலேயே சாம்பல் வந்தால் எங்கே சுற்றிப் போவது? அப்படி வரும் என்று தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். 1875ல் அஸ்க்யா சாம்பல் நார்வேயிலும் ஸ்வீடனிலும் விழுந்தது. 1947ல் ஹெக்லா சாம்பல் சுமார் இரண்டே நாளில் ஹெல்சின்கி போய்ச் சேர்ந்தது. ஐஸ்லாந்துச் சாம்பல் ஐரோப்பாவுக்குப் புது விருந்தாளி அல்ல.

எண் இல்லாதபோது அதிகாரி கையில் இருப்பது ஒரே ஒரு பதில்: நிறுத்து. ஏப்ரல் 15 அன்று அந்தப் பதிலைச் சொன்னவர்கள் கோழைகள் அல்ல. அந்த நிலையில் நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், நீங்களும்தான். சுமார் ஒரு லட்சம் விமானப் பயணங்கள் ரத்து. ஒரு கோடிப் பயணிகள் சிக்கினார்கள். விமான நிறுவனங்களின் வருமான இழப்பு 170 கோடி டாலர் என்று அவர்களுடைய சங்கமான ஐயாட்டா கணக்குச் சொன்னது. கென்யாவில் ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய பூக்கள் அழுகின, தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை போனது. அவர்களில் எத்தனை பேருக்கு அந்த எரிமலையின் பெயர் தெரிந்திருக்கும்?

அப்புறம்தான் எஞ்சின் தயாரிப்பாளர்களும் அதிகாரிகளும் உட்கார்ந்து பேசினார்கள். ஏப்ரல் 20 இரவு பிரிட்டன் வான்வெளி திறந்தபோது ஒரு எண்ணும் வந்தது: கன மீட்டருக்கு 2 மில்லிகிராம். மே மாதத்தில் சில நிபந்தனைகளோடு 4 மில்லிகிராம். இருபது வருடமாகக் கிடைக்காத எண் ஆறே நாளில் எப்படிக் கிடைத்தது? எரிமலை அப்படியேதான் இருந்தது, காற்றும் அதே காற்று. மாறியது ஒன்றுதான். தினமும் சராசரியாக 28 கோடி டாலர் கையைவிட்டுப் போனது.

அடுத்த வருடமே, 2011 மே 21ல், கிரிம்ஸ்வோட்ன் வெடித்தது. எய்யாவைவிடப் பெரிய வெடிப்பு, சாம்பல் சுமார் 20 கிலோமீட்டர் உயரம் போனது. ரத்தானவை சுமார் 900 பயணங்கள்தான். கிரிம்ஸ்வோட்ன் சாம்பல் கொஞ்சம் பருமன், சீக்கிரம் விழுந்துவிட்டது, வெடிப்பும் சில நாளில் அடங்கியது, காற்றும் உதவியது. எல்லாப் பெருமையும் எண்ணுக்கே என்று சொன்னால் அது பொய்க்கணக்கு. ஆனால் "இந்த அடர்த்திக்கு மேல் வேண்டாம், கீழே போகலாம்" என்று பிரித்துப் பார்க்கும் வசதி ஏற்கெனவே கையில் இருந்தது. 2015ல் நாசா ஒரு ஜெட் எஞ்சினுக்குள் வேண்டுமென்றே எரிமலைச் சாம்பலை ஊட்டிச் சோதனை செய்தது. நல்லது. 1990லேயே செய்திருந்தால் இன்னும் நல்லது.

பில் யாருக்குப் போனது?

காப்பீடு கைகொடுத்ததா? பெரும்பாலும் இல்லை. தொழில் முடக்கக் காப்பீடு பொதுவாகச் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டால்தான் பணம் தரும். விமானங்கள் சேதமில்லாமல் தரையில் பளபளவென்று நின்றன. சேதம் இல்லை, ஆகவே இழப்பீடும் இல்லை!

சிக்கிக்கொண்ட பயணிகளுக்குச் சாப்பாடும் தங்கும் இடமும் விமான நிறுவனம் தர வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். "இது அசாதாரணத்தையும் மீறிய அசாதாரணம், எங்களுக்கு விலக்கு வேண்டும்" என்று ரயன்ஏர் வாதாடியது. போர்ச்சுகலில் சிக்கிய ஓர் அயர்லாந்துப் பயணி கேட்டது சுமார் 1,130 யூரோ. 2013 ஜனவரி 31ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் பயணி பக்கம் தீர்ப்புச் சொன்னது. எரிமலை அசாதாரணம்தான், ஆனால் சோறு போடும் கடமை போகாது, அதற்கு உச்சவரம்பும் கிடையாது. எனக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் பிடித்திருக்கிறது. எரிமலை யாருடைய தப்பும் இல்லை. அதற்குத் தயாராக இல்லாதது ஒருவருடைய தப்பு.

கை இறங்கிய கதை

முதல் வருடத்தில் நாம் எல்லோரும் ஒரு பதிவு போட்டுப் பழகினோம், நினைவிருக்கிறதா? வாரா ஐயக்கடன் ஒதுக்கு. எந்தக் கடனாளி ஏமாற்றப் போகிறான் என்று தெரியாது, ஆனால் யாரோ ஒருவன் ஏமாற்றுவான் என்று தெரியும். அதனால் லாபத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்கு. ஐந்து மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்தோம். நான் அதைக் கணக்கு விதியாகத்தான் நினைத்தேன். அது ஒரு வாழ்க்கை விதி.

எஞ்சின் எவ்வளவு சாம்பல் தாங்கும் என்று முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பதும் அப்படிப்பட்ட ஒதுக்குதான். செலவுதான், சந்தேகமில்லை. ஒரு எஞ்சினைக் கெடுத்துத்தான் அதைத் தெரிந்துகொள்ள முடியும். ஒவ்வொரு எஞ்சினும் வேறு, ஒவ்வொரு எரிமலையின் சாம்பலும் வேறு என்ற சிக்கலும் உண்டு. அதனால்தான் எல்லோரும் தள்ளிப்போட்டார்கள். ஆனால் 1989ல் ஒரே விமானத்தைப் பழுதுபார்க்க 8 கோடி டாலர், 2010ல் ஆறு நாளுக்கு 170 கோடி டாலர். ஒதுக்கு வைக்காதவனிடம் காலம் வட்டியோடு வாங்கிக்கொள்கிறது.

ஐஸ்லாந்துக்காரர்களைப் புனிதர்களாக்கவும் நான் தயாரில்லை. அவர்களும் பத்தாயிரம் பேரைப் புதைத்த பிறகு, இருநூறு வருடம் கழித்துத்தான் புல்லை அளக்கக் கற்றார்கள். ஆனால் கற்றதை மறக்கவில்லை. நாம் எதை மறக்கிறோம் என்றால், விபத்து நடக்காத வருடங்களை எல்லாம் "பிரச்சினையே இல்லை" என்ற தலைப்பில் எழுதிவிடுகிறோம்.

ஆகவே கடைசி பெஞ்ச் நண்பனே, ஒரு விமானமும் விழவில்லை என்பது நிறுத்தியவர்களுக்கு எதிரான சாட்சி இல்லை. 170 கோடி டாலர் பயத்தின் விலையும் இல்லை. தெரிந்துகொள்ளாமல் இருந்ததன் விலை. நிறுத்தியது சரி. நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லாத இடத்துக்கு வந்து நின்றதுதான் தப்பு. மேடம் கேட்டது பாதிக் கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. (மேடம் இதைப் படித்தால் உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள், ப்ளீஸ்.)

எய்யாவுக்குப் பக்கத்திலேயே காட்லா என்று ஓர் அண்ணன் இருக்கிறார். அவருக்கும் தலையில் பனி, எய்யாவைவிட மிகத் தடிமன். கடைசியாகப் பெரிதாக வெடித்தது 1918ல். அன்று மேலே பயணிகள் விமானம் எதுவும் இல்லை. இன்று இருக்கின்றன. எப்போது எழுவார் என்று யாருக்கும் தெரியாது. எழுவார் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குத்தானே ஒதுக்கு?

சரி, இப்போது சொல்லுங்கள். நீங்கள் அந்த வகுப்பில் இருந்திருந்தால் எப்போது கை தூக்கியிருப்பீர்கள்? ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். எண்ணோடு வாருங்கள், அவ்வளவுதான்.

பி.கு.: எரிமலையின் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொன்னால் டீ என்றேன் அல்லவா, அது இந்த மாதத்துக்கு மட்டும்தான். மெஸ் பில் இன்னும் கட்டவில்லை.